நான் டீ குடிக்கப் போன பதினைந்து நிமிடம்

தர ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான் என்று முதலில் என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அறிவியல் புரட்சிகள் என்று முதல் பாடத்திலேயே நீராவி எஞ்சின், மின்சார பல்பு, கம்ப்யூட்டர் எல்லாம் வரிசையாகப் படம் போட்டிருக்கிறார்கள். நல்ல படங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என் கண்ணெதிரே வந்த புரட்சிக்குப் புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஒரு தாள், அதில் குறுக்கே மூன்று கோடு, கொஞ்சம் புள்ளிகள், அவ்வளவுதான். எங்கோ கடல் கடந்த நாட்டில் யாரோ யோசித்த யோசனை அது. என் அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே பிறந்துவிட்டதாம். மெல்ல நடந்து மறைமலை நகருக்கு வந்து சேர்ந்தபோது எண்பதுகளே முடியப் போகிற சமயம். வந்த முதல் வாரமே அது என் மானத்தை வாங்கியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, ஆய்வு வேலையில் பன்னிரண்டு வருட அனுபவம். மேற்கு தாம்பரத்தில் வீடு. காலையில் செங்கல்பட்டு போகிற ரயிலைப் பிடித்து, இறங்கி, கம்பெனி வேனில் ஏறி, ஏழே முக்காலுக்கெல்லாம் ஷெட்டுக்குள் இருப்பேன். ஸ்டெல்லாக்கா வந்தாச்சு என்றால் மெஷின்காரர்கள் பீடியை அணைப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

எங்களுடையது ஸ்கூட்டர் எஞ்சினுக்குள் போகிற ஒரு பின். விரல் நீளம்தான் இருக்கும். கிரைண்டிங் மெஷினில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவு என்றால் மைக்ரான் கணக்கு, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலே வம்பு. என் மேஜையில் முள் வைத்த டயல் ஒன்று இருக்கும். பின் மெஷினிலிருந்து விழுந்ததும் எடுத்து அதில் வைப்பேன். முள் காட்டுவதை உரக்கச் சொல்வேன். “ரெண்டு கூட.” “மூணு கொறை.” “ஒண்ணு கூட.” என் குரல் ஷெட்டின் அந்தக் கோடி வரை போகும். அதைக் கேட்டு மெஷின்காரர், பக்கவாட்டில் இருக்கிற ஒரு குட்டிச் சக்கரத்தை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்புவார். கூட என்றால் குறைப்பார், குறை என்றால் கூட்டுவார். இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் கத்தினார், அதனால் நானும் கத்தினேன். சொன்ன எண்ணை ஒரு நோட்டிலும் எழுதுவேன். அந்த நோட்டை யாரும் திரும்பப் பார்த்ததில்லை.

என் பொறுப்பில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் தனபால், இன்னொன்றில் ஏழுமலை.

தனபாலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். நான் கத்துவதற்கு நன்றாகத் தலையாட்டுவான், கை மட்டும் அசையாது. “திருப்பினியா?” என்றால் “திருப்பிட்டேன்கா” என்பான். சக்கரத்தின் மேல் தூசு படிந்திருக்கும். ஏழுமலை அப்படியே நேர்மாறு. கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன், ப்ரொபேஷனில் இருந்தான். நான் வாயைத் திறக்குமுன்னே அவன் கை சக்கரத்தில் இருக்கும். நான் சொன்ன எண்ணுக்கு ஒரு இம்மி கூடவோ குறையவோ திருப்ப மாட்டான். இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தால் கம்பெனி எங்கோ போய்விடும் என்று நானே கேன்டீனில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பாருங்கள், தனபால் மெஷினில் வருகிற பின் நன்றாக இருக்கும். ஏழுமலை மெஷினில் வருவதுதான் தாறுமாறு. என் ரிஜெக்ட் டப்பா நிறைவதே அவனால்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அந்த மார்கழியில் வடக்கே இருந்த ஸ்கூட்டர் கம்பெனி, பெட்டி பெட்டியாகப் பின்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒன்று எஞ்சினில் இறுக்கிப் பிடிக்கிறது, இன்னொன்று லொடலொட என்று ஆடுகிறது, என்ன சரக்கு இது என்று கடிதம். ஒவ்வொரு பெட்டியிலும் மெஷின்காரர் பெயர் போட்ட சீட்டு இருக்கும். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் ஏழுமலை, மயிரிழையில் தேறுகிறது என்று நான் விட்டவை.

ஒர்க்ஸ் மேனேஜர் முன்கோபி. ஷெட் நடுவில் நின்று அவனை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை என்கொயரி என்று பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்து காகிதம் வந்தது. ப்ரொபேஷனில் இருப்பவனுக்கு என்கொயரி என்றால் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், கேட்டுக்கு வெளியே வழி காட்டுவார்கள்.

ஏழுமலைக்கு தை மாதம் கல்யாணம். பத்திரிகை கூட அடித்தாகிவிட்டது. ஊரப்பாக்கத்துப் பெண். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார், பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாலி. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அதுதான் ஜாதகம். ஏரிப் பாசன நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம், பயிர் வைப்பவனுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். கம்பெனி பர்மனென்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள்.

“என் மெஷினுக்கு என் மேல இன்னா கோவம்னே தெரிலக்கா” என்றான் என்னிடம். “நீங்க சொன்னதுல ஒரு புள்ளி தப்பாம திருப்பிகினுதான் கீறேன்.”

“கவனமா செய்டா” என்றேன். வேறென்ன சொல்ல? அந்த வாரம் முழுக்க அவனுக்காக இன்னும் கவனமாகக் கத்தினேன்.

அதே வாரம்தான் புதிதாக ஒரு பையன் எங்கள் ஷெட்டுக்குள் வந்தான். புள்ளியியல் படித்தவனாம். புதுமுறைத் தரக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்கத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவன். தோளில் ஜோல்னாப் பை, சட்டைப் பையில் இரண்டு கலர் பேனா. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மெஷின் சத்தத்தில் இவன் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பான் என்று நினைத்தேன். சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள், தனபாலிடம், அந்தப் பையன் காதிலும் விழுகிற மாதிரி.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “மேடம், நீங்க ஏதாவது எழுதி வெக்கிறீங்களா?” என்று கேட்டான்.

நோட்டை மேஜையில் போட்டேன். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். யாரோ பிரியாணிப் பொட்டலம் நீட்டிய மாதிரி அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பின்னின் அளவும், வரிசையாக, நேரத்தோடு, ஒரு நாள் விடாமல். “இப்படி ஒரு நோட்டு நான் எந்தக் கம்பெனியிலயும் பாத்ததில்ல மேடம்” என்றான். எனக்கு அவன் மேல் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

புதன்கிழமை காலை கட்டம் போட்ட தாளோடு வந்தான். ஏழுமலை மெஷினின் ஒரு நாள் கணக்கு முழுவதையும் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடு இழுத்துச் சேர்த்திருந்தான். மேலே, கீழே, மேலே, கீழே என்று ரம்பப் பல்லாக இருந்தது. ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் அந்தப் பல் அடங்கி, நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டு அமைதியாகப் போனது. பத்து மணியில் இருந்து பத்தேகால் வரை, அப்புறம் பன்னிரண்டரையில் இருந்து ஒரு மணி வரை. முந்தின நாள் தாளை விரித்தான். அதே இரண்டு இடம். அதற்கும் முந்தின நாள், அதே இரண்டு இடம்.

“இந்த நேரத்துல இங்க என்ன நடக்குது மேடம்?”

“ஒண்ணும் நடக்காது” என்றேன். “எங்களுக்கு டீ டைம், அப்புறம் சாப்பாடு. மெஷின்காரங்க எங்களுக்கு அப்புறம்தான் போவாங்க. மெஷின் ஓடும். அவன் பின்னை வரிசையா தட்டுல அடுக்கி வெப்பான். நான் வந்து அளப்பேன்.”

“அப்ப அந்த நேரத்துல அளவு சொல்றது யாரு?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. நான்தான் இல்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பன்னிரண்டு வருட அனுபவம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பின் கெடுகிறது. எழுந்து டீ குடிக்கப் போனால் நன்றாக வருகிறது. ஆத்திரத்தில் தாளைப் பிடுங்கித் திரும்பப் பார்த்தேன், எங்காவது ஒரு இடத்தில் பொய்யாகிவிடாதா என்று. எல்லாம் என் கையெழுத்தில் நான் எழுதிய எண்கள், யாரோடு சண்டை போட?

ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நான் இல்லாதப்ப சக்கரத்தைத் திருப்புவியா?”

“நீங்க சொல்லாம எப்டிக்கா திருப்புறது? முள்ளு உங்க டேபிள்ளதானே கீது” என்றான்.

அந்தப் பையன் விளக்கினான். எந்த மெஷினும் ஒரே அளவில் இரண்டு பின் போடாது. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, தானாகவே ஆடும். அது அதன் இயல்பு, யாருடைய குற்றமும் இல்லை. இந்தப் பின் தற்செயலாக இரண்டு கூட வந்தது. நாம் ஓடிப்போய் இரண்டைக் குறைக்கிறோம். சும்மா விட்டிருந்தால் சரியாக வந்திருக்க வேண்டிய அடுத்த பின், இப்போது இரண்டு குறைகிறது. உடனே அதைக் கூட்டுகிறோம். இப்படித் துரத்தித் துரத்தி ஆட்டத்தைப் பெரிதாக்கியதே நாம்தான். டிரான்சிஸ்டரில் மின்னலுக்குக் கரகர என்றால் சும்மா இருக்க வேண்டும், அதற்குப் போய்க் குமிழைத் திருப்பினால் ஸ்டேஷனே போய்விடுகிறதல்லவா, அந்தக் கதைதான்.

தனபால் பின் ஏன் நன்றாக இருந்தது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அந்தச் சோம்பேறிக்கு நான் ஒரு வணக்கம் கடன்பட்டிருக்கிறேன். இன்று வரை வைக்கவில்லை.

மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டான் அந்தப் பையன். மெஷின் தன் இயல்பில் எவ்வளவு ஆடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த எல்லை அது, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. “ரெண்டு கோட்டுக்குள்ள எங்க விழுந்தாலும் கை வெக்கக் கூடாது. வெளிய ஒண்ணு விழுந்தாலும் உடனே நிறுத்திட்டு என்ன காரணம்னு தேடணும். இவ்வளவுதான் மேடம்.”

இவ்வளவுதான். ஆனால் இதுவரை உலகம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஏதாவது தப்பானால் முதல் கேள்வி, எவன் செய்தான்? பள்ளிக்கூடத்தில், வீட்டில், கம்பெனியில், எங்கேயும் அதே கேள்வி. இந்தப் பையனின் தாள் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியை வைத்தது. இது எப்போதும் நடக்கிற ஆட்டமா, இல்லை புதிதாக ஏதோ நடந்திருக்கிறதா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரையும் திட்டாதே. நான் புரட்சி என்று சொல்வது இதைத்தான்.

வியாழக்கிழமை ஒரு ஷிப்ட் முழுக்க அப்படி ஓட்டிப் பார்க்க ஒர்க்ஸ் மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். அவரும் வந்து மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அளப்பேன், சொல்ல மாட்டேன், தாளில் புள்ளி மட்டும் வைப்பேன். தாள் ஏழுமலைக்குத் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தது.

பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று கூட. வாய் திறந்துவிட்டது, மூடினேன். இரண்டு குறை. நாலு கூட. சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன், கர்த்தர் சாட்சி.

“ஸ்டெல்லா, நாலு கூட போகுது, வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்றார் மேனேஜர். நான் புள்ளியை வைத்தேன். “டேய், திருப்புடா” என்று ஏழுமலையிடம் திரும்பினார்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். அவன் கை சக்கரத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றது. மறுநாள் என்கொயரியில் உட்காரப் போகிறவர் திருப்பச் சொல்கிறார், அவன் என்ன செய்வான்? எனக்கும் சந்தேகம்தான். இந்தச் சின்னப் பையன் சொன்னது தப்பாக இருந்தால்?

முந்தானையை எடுத்தேன். “சார், கோட்டுக்குள்ளதான் இருக்கு. அவன் கை வெச்சா, யார் சொல்லி வெச்சான்னு நோட்ல பேர் எழுதுவேன். பரவால்லையா?”

அவர் முறைத்தார். மெஷின் அடுத்த பின்னைப் போட்டது. ஒன்று குறை. அடுத்தது, ஒன்று கூட. அவர் கையைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு ஒரு பின், ஏழு கூட. புள்ளி கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தது. இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இவ்வளவு நேரம் திருப்பு திருப்பு என்று குதித்தவர் வாசலில் நிற்கிற லாரியைப் பார்த்தார். “ஒண்ணுதானே, போகட்டும் விடு. ஓட்டு, ஓட்டு, லாரி நிக்குது” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டது. ஏழுமலைதான் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தான். பர்மனென்ட்காரர்களே சூப்பர்வைசரைக் கேட்காமல் மெஷினை நிறுத்தாத ஷெட் அது. ப்ரொபேஷனில் இருக்கிற ஒருவன், மேனேஜர் ஓட்டு என்று சொல்லும்போது நிறுத்தியிருக்கிறான். பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெளிய போய்ச்சி சார்” என்றான். குரல் உள்ளே போயிருந்தது, ஆனால் சொல்லிவிட்டான்.

தேடினோம். தேய்க்கிற இடத்தில் சூடு ஏறாமல் எண்ணெய்த் தண்ணீர் ஊற்றுகிற குழாயில் சேறு அடைத்திருந்தது. பத்து நிமிடத்தில் சுத்தம் செய்து திரும்ப ஓட்டினோம். ஷிப்ட் முடிந்தபோது என் ரிஜெக்ட் டப்பாவில் ஒரே ஒரு பின் கிடந்தது, அந்த ஏழு கூட. ஏழுமலை டப்பாவை எடுத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தது, ஏழுமலை தப்பித்தான் என்று நினைத்தோம்.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “பாத்தீங்களா? ஆள் பக்கத்துல நின்னா ஒழுங்கா ஓட்றான். அப்ப இத்தனை நாள் வேணும்னேதான் கெடுத்திருக்கான். நாளைக்கு என்கொயரியில இதை நீங்கதான் சொல்லணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனைக் காப்பாற்றும் என்று நாங்கள் நம்பிய ஒரு நாள் வேலையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மறுக்க வேண்டுமானால் மீதி உண்மையைச் சொல்ல வேண்டும். மீதி உண்மை நான்தான். அந்த வருடம் சீனியர் இன்ஸ்பெக்டர் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தேன். நல்ல பொய்தான். எல்லாம் அந்தக் குழாய் அடைப்பால் வந்தது, இன்றுதான் கண்டுபிடித்தோம், யார் மேலும் தப்பில்லை. ஏழுமலையும் பிழைப்பான், நானும் பிழைப்பேன். வண்டலூர் தாண்டும்போது அது எனக்கே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. தாம்பரத்தில் இறங்கிப் படியேறும்போது ஒரு விஷயம் உறைத்தது. குழாய்தான் காரணம் என்றால், திங்கட்கிழமை நான் திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்து கத்த வேண்டும். இன்னொருவன் கேட்டுத் திருப்புவான். அவனுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வரும்.

என்கொயரி அறையில் பர்சனல் ஆபீசர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒரு பக்கம். ஏழுமலை நின்றுகொண்டிருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை என்று பின்னால் சொன்னான். இன்னொரு நாள் அதைப் போட வாய்ப்பு வருமோ என்னவோ என்று போட்டுக்கொண்டு வந்தானாம்.

தாளை மேஜையில் விரித்தேன். என் இரண்டு கையாலும் ரம்பப் பல்லை மூடிக்கொண்டு, அமைதியாக இருந்த இரண்டு இடத்தை மட்டும் காட்டினேன். “இது நான் டீ குடிக்கப் போன நேரம். இது நான் சாப்பிடப் போன நேரம். இப்பப் பாருங்க” என்று கையை எடுத்தேன். “இது நான் உக்காந்து கத்தின நேரம். அவன் தானா ஒரு தடவை கூடத் திருப்பல சார். என் வாய் சொல்லித்தான் திருப்பினான். சொன்னதை ஒழுங்காக் கேட்டதுதான் அவன் செஞ்ச தப்பு.”

ஆபீசர் பேனாவைப் பிடித்தபடி, “இந்தப் படிவத்துல பொறுப்பானவர் பேர்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதைக் காலியா விட முடியாது” என்றார்.

“என் பேர் எழுதுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“தாம்பரம் வரைக்கும் யோசிச்சேன் சார். எழுதுங்க.”

எழுதினார். எனக்கு மெமோ வந்தது, என் பணிக்காலத்தில் வாங்கிய ஒரே மெமோ. சீனியர் பதவி ஒரு வருடம் தள்ளிப் போனது. வலித்ததா என்றால், வலித்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “திங்கக்கிழமையில இருந்து அந்தத் தாளை எல்லா மெஷின்லயும் மாட்டுங்க. கத்தாதீங்க” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். நான் கத்துவதை நிறுத்தியதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் என் வீட்டுக்காரர்தான். அங்கே நிறுத்தியது வீட்டிலும் கொஞ்சம் பழகிவிட்டது.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க நல்லதுக்குத்தானேக்கா சொன்னீங்க” என்றான். மெமோவை விட அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. நல்லதுக்குத்தான் சொன்னேன். நல்லதுக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒருவன் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது. நெருக்கடியில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும், செய்தால்தான் பொறுப்பானவர் என்று ஊரும் சொல்லும். முதலில் தாளைப் பாருங்கள். கோட்டுக்குள் இருந்தால் சும்மா இருக்கிற தைரியம் வேண்டும். வெளியே போய்விட்டால், மேலே இருப்பவர் என்ன சொன்னாலும், நிறுத்துகிற தைரியம் வேண்டும். உங்கள் காலத்தில் கம்ப்யூட்டரே புள்ளி வைக்கிறது. இந்த இரண்டு தைரியத்தையும் அது தராது.

இரண்டு வாரத்தில் ஏழுமலைக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மாமனார் அதைக் கையில் வாங்கி, கம்பெனி முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குக் கால் நட்டார். தை மாதக் கல்யாணத்தில் தனபால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து மூன்று முறை பாயசம் வாங்கினான்.

ஏழெட்டு மாதம் கழித்து கூடுவாஞ்சேரியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கஸ்தூரி காபி கொடுத்தாள், உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

“இன்னாக்கா சொல்லிக் குடுத்தீங்க உங்க கம்பெனில இவருக்கு?” என்றாள். “கொழம்புல உப்பு ஏறிப்போனா ஒரு வார்த்தை திட்றதில்ல. எழுந்து போயி செவுத்துல புள்ளி வெக்கிறார். மொத மாசம் எனக்கு பயமாப் போய்ச்சி. எங்க வூட்ல எங்கப்பா தட்டைத் தூக்கி வீசுவார். எங்கம்மா கை நடுங்கிகினே சமைக்கும். அது பழகின விஷயம். இது இன்னான்னே புரில எனக்கு.”

சுவரில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி மாட்டியிருந்தது. குறுக்கே மூன்று கோடு, புள்ளிகள்.

ஏழுமலை தலையைச் சொறிந்தான். “ஒரு நாள் உப்பு ஜாஸ்தின்னு கத்தினா, அடுத்த நாள் உப்பே இல்லாம வருதுக்கா. அதான் கை வெக்கறதில்ல.”

நான் காபியை மெதுவாகக் குடித்தேன். பக்கத்தில் இன்னொரு தாளும் மாட்டியிருந்தது. அதிலும் மூன்று கோடு. புள்ளிகள் வேறு மையில் இருந்தன.

“இது என்னடா?” என்றேன்.

“அது என்னுதுக்கா” என்றாள் கஸ்தூரி. “ஷிப்ட் முடிஞ்சி இவரு வூட்டுக்கு வர்ற நேரம். முன்ன பின்ன ஆவும், பஸ்ஸு, ரயிலு, எவ்ளோ கீது. கோட்டுக்குள்ள கீற வரைக்கும் எங்க போனே, ஏன் லேட்டுன்னு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

அந்தத் தாளில் ஒரு புள்ளி மட்டும் மேல் கோட்டைத் தாண்டி, உச்சியில், ஆணிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழுமலை அதைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது?”

“அன்னிக்கு வாசல்லயே நிறுத்திட்டேன்” என்றாள் அவள். “இன்னா காரணம்னு கண்டுபுடிச்ச அப்புறம்தான் உள்ள வுட்டேன்.”